பாப்பா எந்தப் பெயருக்குத் திரும்புவாள்

கணபதியில் எங்கள் வீட்டில் இருக்கும்போது என் மகள் ‘பவானி’ என்று கூப்பிட்டால் திரும்பினாள். சோமனூரில் அப்பா வீட்டில் இருக்கும்போது ‘மரகதம்’ என்று கூப்பிட்டால் திரும்பினாள். கணபதியில் மரகதத்துக்கு அசையவில்லை. சோமனூரில் பவானிக்கு அசையவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். நாலு மாதம் முடிந்த குழந்தை வழியில் எந்த இடத்தில் தன் பெயரை மாற்றிக்கொள்கிறாள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

பிடிபடாத விஷயம் ஒன்று வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் பம்ப் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மோட்டார் எங்கள் கூடத்தில் நன்றாக ஓடி, விவசாயியின் தோட்டத்தில் ஓடவில்லை என்றால் மோட்டாரைத் திட்டிப் பயனில்லை. இங்கே ஒன்றாகவும் அங்கே வேறாகவும் இருப்பது எது என்று தேட வேண்டும். வோல்டேஜாக இருக்கலாம், குழாயாக இருக்கலாம், கிணற்றின் ஆழமாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் தானே மாட்டிக்கொள்ளும். குழந்தைக்கும் அதே விதிதான் என்று நினைத்தேன்.

முதலில் இந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன்.

மரகதம் என் அம்மாவின் பெயர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா காலமாகிவிட்டார். சோமனூர் வீட்டில் அப்பா கந்தப்பன் தனியாக இருக்கிறார். வீட்டை ஒட்டினாற்போல் ஒரு தறிக்குடோன். அதில் ஆறு விசைத்தறிகள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று போனில் சொன்னதும் அவர் இரண்டு முறை “சரி, சரி” என்றார். பிறகு கேட்டார்.

“அம்மணி, உங்கம்மா பேர வெச்சர்லாமா? அந்தப் பேரு ஊட்டுக்குள்ள கேட்டு எத்தன வருசமாச்சு. மறுக்கா கேக்கோணும்னு இருக்குது.”

அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. என் கல்யாணத்துக்கு அவருக்கு வேட்டி எடுக்கவே, இருப்பது போதும் என்று கடைக்கு வர மறுத்தவர். வாய் திறந்து அவர் கேட்டது இந்த ஒன்றுதான். எப்படியாவது இதைச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஆனால் பெயர் வைக்கிற உரிமை என் கையில் இல்லை. என் கணவர் கிருபாசங்கரின் வீட்டு வழக்கப்படி, குழந்தைக்கு மொட்டையடிக்கும் நாளில் குலதெய்வக் கோயிலில் அத்தைதான் மடியில் வைத்துக் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அத்தை வாயிலிருந்து வராத பெயர் செல்லாது. அந்த அத்தை கிருபாசங்கரின் அக்கா மௌனிகா. எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்போம். எனக்கு அம்மா இல்லை என்பதால் சத்தியமங்கலத்திலிருந்து வந்து, கணபதியில் எங்களுடனேயே தங்கி, எனக்குப் பத்தியம் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிய மகராசி. பெயருக்கு நேர்மாறாக நாள் முழுவதும் பேசுவார்.

“பவானிதான்” என்று குழந்தை பிறந்த அன்றே சொல்லிவிட்டார். “நானும் உன்ற ஊட்டுக்காரனும் அந்த ஆத்துல குளிச்சு வளந்தவங்க. ஆத்துப் பேரு வெச்சா புள்ள தைரியமா இருப்பா. தண்ணி வத்துனாலும் பேரு வத்தாது.”

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் மகளுக்கு அக்ஷிதாவா தேஜாவா என்று தேடிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பழைய பெயர்களை வைத்துக்கொண்டு முழித்ததைப் பார்த்து, “ரெண்டுமே நல்லாத்தானுங்க இருக்குது, ஏதாச்சும் ஒண்ணு வெய்யிங்களே” என்றாள். அங்கேதான் சிக்கல். ஒன்று மோசமாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

கிருபாசங்கர் கணபதியிலேயே சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பில் நூலளவு பிசகாது. வீட்டில் எந்தப் பக்கமும் சாய மாட்டார்.

“எனக்கு அக்காளும் வேணும், மாமனும் வேணும்” என்றார். “பாப்பாகிட்டயே உட்ரலாம். எந்தப் பேருக்குத் திரும்பறாளோ, அதான் அவ பேரு.”

இரண்டு தரப்பும் உடனே சம்மதித்தன. இரண்டு பேருக்கும் தாங்கள்தான் ஜெயிப்போம் என்று அவ்வளவு நம்பிக்கை. கணபதியில் நங்கை இரண்டு பெயரையும் கூப்பிட்டுப் பார்த்தார். சோமனூரில் குடோன் வாசலில் நின்று மரகதத்தை அப்பாவும் பவானியைக் கிருபாசங்கரும் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் குழந்தை என் மடியில், கூப்பிடுகிறவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை திரும்புகிறதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. முடிவைத்தான் முதலிலேயே சொன்னேன். ஊருக்கு ஒரு பெயர்.

“ரெண்டு ஊட்டு மனசும் நோவக் கூடாதுன்னு பாக்கறா” என்றார் கிருபாசங்கர். “என்ற மகளாச்சே.”

எனக்கு அது விடையாகப் படவில்லை.

கணபதியிலிருந்து ஆரம்பித்தேன். நங்கையை மறுபடி இரண்டு பெயரையும் கூப்பிடச் சொன்னேன். போன முறை குழந்தையைப் பார்த்தேன் அல்லவா, இந்த முறை கூப்பிடுகிறவரைப் பார்த்தேன்.

“பவானீ...” என்றபோது நங்கையின் வலது கை தானாக மேலே போனது. அந்தக் கையில் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை கண்ணாடி வளையல். கை போய் வந்ததில் எல்லாம் கலகலவென்று குலுங்கின. குழந்தை திரும்பினாள்.

“மரகதம்” என்றபோது நங்கை இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டார். குரலையும் தாழ்த்திக்கொண்டார். குழந்தை தன் கால் கட்டைவிரலைச் சப்புவதிலேயே குறியாக இருந்தாள்.

“ஏனுங்க நங்கை, மரகதம்னு சொல்றப்ப எதுக்குங்க கையக் கட்டிக்கறீங்க?”

“பின்ன? போய்ச் சேந்த பெரியவங்க பேரு. கைய வீசி வீசியா கூப்புடுவாங்க?”

“வளையலக் கழட்டி வெச்சுட்டு ஒருக்கா பவானின்னு கூப்புடுங்களே.”

நங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணமான பொம்பளைய வளையலக் கழட்டச் சொல்ற. நல்லாப் படிச்ச அம்மணி நீயி.”

தப்புதான். கழற்ற வேண்டாம், சத்தம் வராமல் இருந்தால் போதும் என்று சொல்லி, அவர் கையில் ஈரிழைத் துண்டு ஒன்றைச் சுற்றினேன். கை முறிந்து கட்டுப் போட்ட மாதிரி நின்றார். “பவானீ” என்றார். கட்டைவிரல். இன்னும் உரக்க “பவானீ” என்றார். கட்டைவிரல்தான். துண்டை எடுத்துவிட்டு, பெயரே சொல்லாமல் கையை மட்டும் ஆட்டச் சொன்னேன். வளையல் குலுங்கியது. குழந்தை திரும்பிப் பார்த்து, பல்லில்லாத வாயைக் காட்டிச் சிரித்தாள்.

காரணம் எளிது. அவளைத் தூக்கிக் குளிக்க வைப்பதும் துவட்டுவதும் அந்தக் கைதான். வளையல் சத்தம் கேட்டால் அடுத்து யாரோ தூக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சத்தத்துக்குப் பின்னால் நல்லது ஒன்று தவறாமல் வந்தால் குழந்தை அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொள்ளும். பெயரைக் கற்றுக்கொள்வதும் இதே வழியில்தான்.

“அப்ப வளையல்னே பேரு வெச்சர்லாங்க்கா” என்றார் கிருபாசங்கர்.

“போடா. நாளைக்கு நாங் கொலுசு போட்டுட்டு வந்தா கொலுசுன்னு வெப்பியா?” என்ற நங்கை என் பக்கம் திரும்பினார். “என்ற பேரு தோத்துதுன்னா அங்கயும் பாக்கோணும். சோமனூருக்கு நானும் வாரேன். அங்க என்ன தில்லுமுல்லு நடக்குதோ.”

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சோமனூர் போனோம்.

தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது. ஆறு தறியும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பது வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் காதில் விழுவது அது நிற்கும்போதுதான். மின்விசிறி நின்றால் தூக்கம் கலைகிறதே, அதே போல. ஓடுகிற வரை அது ஒரு சத்தமாகவே படாது. நின்ற கணத்தில் ஏதோ நடந்துவிட்டதாகத் தலை தானாகத் திரும்பும்.

இதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். போன முறை அப்பா கூப்பிட்டபோது தறிகள் நின்றிருந்தன. கிருபாசங்கர் கூப்பிட்டபோது ஓடிக்கொண்டிருந்தன. பெயர்களைத் தவிர இன்னொன்றும் வேறாக இருந்திருக்கிறது. குழந்தையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

“ஏனுங்ப்பா, நீங்க கூப்புடறப்ப எதுக்குத் தறிய நிறுத்துனீங்க?” என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

“நிறுத்தாம எப்படிக் கேக்கும் கண்ணு?”

“அவரு கூப்புட்டப்ப நிறுத்தலியே.”

அப்பா யோசித்தார். “மாப்ளைங்க எளவயசு. நல்ல தொண்ட இருக்குது.”

“மாமாங்க, இதுக்குப் பேரு கள்ளாட்டமுங்க” என்றார் நங்கை.

“அய்யோ, இல்லீங் அம்மணி. நா அத நெனச்சுச் செய்யல.”

உண்மையிலேயே நினைத்துச் செய்யவில்லை. அப்பாவுக்கு ஏமாற்ற வராது. பேசாமல் போய் மெயின் சுவிட்சை மட்டும் அணைக்கச் சொன்னேன். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. யாரும் வாய் திறக்கவில்லை. குழந்தை டக்கென்று குடோன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“முடிஞ்சுதா?” என்றார் நங்கை. “வளையலுக்குத் திரும்பறா, தறிக்குத் திரும்பறா. பேருக்கு எங்க திரும்பறா?”

அதைத்தான் பார்க்க வேண்டும். தறிகளை அப்படியே நிறுத்தி வைத்தேன். அந்த அமைதி குழந்தைக்குப் பழகட்டும் என்று, எல்லோரும் காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்தோம். இப்போது வளையல் இல்லை, தறி இல்லை. பெயர் மட்டும்தான்.

“இப்பக் கூப்புடுங்கப்பா.”

அப்பா எழுந்து போய்த் தறிக்கு எண்ணெய் விடுகிற கேனை எடுத்துப் பார்த்தார். “இது காலியாயிருச்சாட்டருக்குது” என்றார்.

“அப்பா.”

“தொண்ட கட்டுன மாதர இருக்குது. நீ கூப்புடு அம்மணி.”

சரி என்று வாயைத் திறந்தேன். உதடு சேர்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. குழந்தையைப் பார்த்துத்தான் கூப்பிடப் போகிறேன், ஆனாலும் என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இத்தனை நாளும் இரண்டு பெயர்களைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன். “அம்மா பேரு” என்றேதான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஏனுங்க, நீங்களாச்சும் கூப்புடுங்க” என்றேன் கிருபாசங்கரிடம்.

அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். “மாமியா பேருங்க. மாமன் முன்னால நா எப்படி?”

நான் அப்பாவைப் பார்த்தேன். “அப்பறம் போன தடவ நீங்க எப்படிக் கூப்புட்டீங்க?”

“எங்க கூப்புட்டேன்? கூப்புடலாம்னுதாந் தறிய நிறுத்துனேன். அதுக்குள்ள அவளே திரும்பிப்போட்டா. அப்பறம் எதுக்குக் கூப்புடறதுன்னு உட்டுட்டேன்.” தறி ஓய்கிற சத்தத்தில் அவர் கூப்பிட்டது எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

“அம்மா இருக்கறப்ப எப்படிக் கூப்புடுவீங்க?”

“‘இந்தா புள்ள’ம்பேன்.” அப்பா எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். “திரும்புவா.”

கல்யாணமான நாள் முதல் அம்மா கண்ணை மூடும் வரை அப்பா ஒரு முறைகூடப் பெயர் சொன்னதில்லை. வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்களும்தான். அம்மா போனபிறகு குடோன் சுவரில் ‘மரகதம் டெக்ஸ்’ என்று பெயின்ட்டில் பெரிதாக எழுத வைத்தவர் அவர்தான். ஆனால் போன் வந்தால் “ஆமாங்க, குடோனுங்க” என்பார். நான் அதை அவருடைய சுருக்கமான பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நாங்கள் செய்யவிருந்த தப்பைப் பாருங்கள். வீட்டுக்குள் அந்தப் பெயர் மறுபடி கேட்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காகக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கிறோம். வைத்த பிறகு என்ன நடக்கும்? அப்பா சொல்ல மாட்டார், மனைவியின் பெயர். நான் சொல்ல மாட்டேன், பெற்றவளின் பெயர். மருமகனும் சொல்ல மாட்டார், மாமியாரின் பெயர். குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கும் யாருக்கும் வாய் வராது. மரியாதையான பெயர் என்பதனாலேயே அது மெல்ல மெல்லச் சான்றிதழில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரை வைத்ததும் அது கேட்காமல் போகும். ஓடவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்த மோட்டார் மாதிரி.

அப்படியானால் வீட்டில் இவளை எப்படித்தான் கூப்பிடுவோம்? கிருபாசங்கர்தான் அதையும் சோதித்துப் பார்த்தார். கதவோரம் நின்று, மெதுவாக, “அம்மணி” என்றார்.

நான் திரும்பினேன். நங்கை திரும்பினார். குழந்தையும் திரும்பினாள்.

“பாத்தீங்களா” என்றார். “பேரு வெக்கறதுக்கு முன்னாலயே புள்ளைக்குப் பேரு வந்துருச்சு. அதுல ஒரே தொந்தரவு, ஊர்ல இருக்கற எல்லாப் பொம்பளைக்கும் அதே பேரு.”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா குடோன் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் நங்கை கூப்பிட்டார். கையைக் கட்டவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி, அவர் ஊர்க்காரர்கள் கூப்பிடுவது போல, “ஏ... மரகதம்” என்று இழுத்துக் கூப்பிட்டார்.

குழந்தை திரும்பவில்லை. அப்பா திரும்பினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, சமையலறை வாசலைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார்.

நங்கை குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“மரகதம்னே வெச்சரலாம்” என்றார் கடைசியில். “காதுல நாஞ் சொல்லிக்கறேன்.”

“நங்கை, பவானி?”

“ஆத்துப் பேர சொல்ல ஆளா இல்ல? பவானி போற பஸ்ஸு கண்டக்டரே நாளெல்லாம் கூவிட்டுத்தான் இருக்கறான். இந்தப் பேருக்குத்தான் ஆளு இல்ல.” பிறகு கிருபாசங்கரைப் பார்த்து, “அடுத்தது பொறந்தா பவானி” என்றார்.

“பையனாப் பொறந்தா?”

“பவானிசங்கர். உன்ற பேருக்குத் தோதா இருக்கும், போடா.”

பெயர் முடிவாகிவிட்டது. ஆனால் கோளாறு சரியாகவில்லை. காதில் சொல்லிவிட்டு நங்கை சத்தியமங்கலம் போய்விடுவார். அவர் கணவர் அங்கே ஏற்கெனவே ஹோட்டல் சாப்பாட்டில் நொந்து போயிருந்தார். அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் போய்விட்டால், மறுபடி நாங்கள் மூவரும் குழந்தையைச் சுற்றி நின்று “அம்மணி, அம்மணி” என்போம்.

பிடி கிடைத்தது தறிகளை மறுபடி ஓட விட்டபோதுதான். அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வீடு முழுக்கத் தறிச் சத்தம். அவர் தாடை குழந்தையின் காதோடு ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது. அசைந்த விதம் அம்மணி என்பதைவிடவும் கண்ணு என்பதைவிடவும் நீளமாக இருந்தது.

“என்னங்கப்பா சொன்னீங்க?” என்று கத்தினேன்.

“ஒண்ணுமில்லயே” என்று அவரும் கத்தினார். ஆனால் ஐம்பத்தெட்டு வயது மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

அப்பாவால் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது. சொல்வது நாலு பேருக்குக் கேட்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழம்பியிருந்தேன். தறி ஓடும்போது அவர் காதுக்கே அவர் குரல் கேட்காது. கூச்சம் வர வழியில்லை. காதோடு சொன்னால் குழந்தைக்கு மட்டும் கேட்கும்.

எங்கள் கம்பெனியில் புது இயந்திரத்தை முதல் நாளே முழுச் சுமையில் ஓட்ட மாட்டோம். குறைந்த சுமையில் ஓட விட்டு, பாகங்கள் ஒன்றோடொன்று பழகப் பழகச் சுமையைக் கூட்டுவோம். அப்பாவுக்குச் சுமை எது? அமைதி. ஆறு தறியும் ஓடினால் சுமையே இல்லை. ஒரு தறியை நிறுத்தினால் அமைதி கொஞ்சம் கூடும். அவருக்குத் தெரியாத அளவுக்குத்தான் கூடும்.

எனக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. குழந்தையோடு சோமனூரிலேயே தங்கிவிட்டேன். முறையை அப்பாவிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். குழந்தை தூங்கி எழுந்ததும் காதோடு பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன கையோடு தூக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். சில நாள் கழித்து அவருக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் நான் ஒரு தறியை நிறுத்துவேன்.

“பேருக்காகத் தறிய நிறுத்தற மொதலாளி சோமனூர்ல நா ஒருத்தந்தான்” என்றார். ஆனால் குழந்தை எழுவதற்கு முன்பே தொட்டில் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

கிருபாசங்கருக்கும் இதே மருந்துதான். பட்டறையில் சாணைக்கல் ஓடும்போது சொல்லிப் பழகினார். அந்தப் பொறிக்கு நடுவே முதலாளி யாரைக் கூப்பிடுகிறார் என்று பட்டறை ஆட்கள் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்களாம். எனக்கு மிக்ஸி போதுமானதாக இருந்தது. தேங்காய்ச் சட்னி அரைபடும் நேரத்துக்குள் சொன்னேன். முதல் இரண்டு நாள் அம்மா பின்னால் வந்து நின்று முறைப்பது போலவே இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

மூன்று தறி ஓடும்போது அப்பாவின் குரல் எனக்கு லேசாகக் கேட்டது. கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தேன். இரண்டு தறியானபோது நன்றாகவே கேட்டது. அவர் குரலில் அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கடைசி எழுத்தை விட மனசில்லாதவர் போல, ‘ம்’மில் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறார். ஒரு தறி மட்டும் ஓடிய வாரத்தில் அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “மரகதத்துக்குப் பசிக்குதாட்டருக்குது” என்றார். சொன்னது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

கோயிலில் நங்கை மடியில் வைத்து மூன்று முறை சொன்னார். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் தடவி, எல்லோரும் சோமனூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று பூஜைக்காகக் குடோனுக்கு விடுமுறை. ஒரு தறியும் ஓடவில்லை. நங்கை கையில் குழந்தை, முகம் வாசல் பக்கம். அப்பா பின்னால் தின்பண்டப் பையை இறக்கி வைத்துக்கொண்டே, எங்கள் அத்தனை பேர் முன்னாலும், சாதாரணமாக, “மரகதம்” என்றார்.

குழந்தை திரும்பினாள். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.

ஆகவே, வாய்க்கு வராத பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வழி இதுதான்: சத்தம் நிறைய இருக்கும் இடத்தில் குழந்தையின் காதோடு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னவுடன், ஒரு முறைகூடத் தவறாமல், குழந்தையைத் தூக்க வேண்டும். நாக்குப் பழகப் பழகச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தறி, சாணைக்கல், மிக்ஸி எது இருந்தாலும் போதும்.